நாகத்தின் ஈனில்

பாக்கும் மிளகும் வாங்கி விற்கிறவனுக்குப் பாம்பின் பிள்ளைப்பேறு பற்றி எழுத என்ன வந்தது என்று மலர்க் குழுவினர் சிரித்தாலும் சிரிக்கலாம். சென்ற மலரில் நாக வழிபாட்டைப் பற்றி நண்பர் ஒருவர் எழுதிய கட்டுரைதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. நல்ல உழைப்பு. கோயில், கல், பாட்டு, பழமொழி என்று தேடித் தேடித் தொகுத்திருந்தார். ஆனால் நடுவில் ஓர் இடத்தில், பாம்பின் வாழ்க்கையில் நம் முன்னோர் அறியாத மூலை எதுவும் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்கு வழக்கு, அவரோடு இல்லை.

அவர் காட்டிய முதல் சான்று, சாரையும் நல்லபாம்பும் பிணைவது. சாரை ஆண், நாகம் பெண் என்று என் பாட்டியும் சொல்லியிருக்கிறாள். வந்தவாசிப் பக்கத்து எங்கள் ஊரில், வரப்பு ஓரம் இரண்டு பாம்பு முறுக்கிக்கொண்டு எழுந்து நின்றால், துவைத்த வேட்டியை மேலே போட்டு எடுத்துப் பெட்டியில் வைப்பார்கள். அந்தத் துணி இருக்கும் வீட்டில் செல்வம் தங்குமாம். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. செல்வம் தங்கினதாக நினைவில்லை.

உண்மை என்னவென்றால், சாரையும் நல்லபாம்பும் வேறு வேறு இனம். இரண்டிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. கழுத்தைத் தூக்கி, கயிறு திரிப்பதுபோல் முறுக்கிக்கொண்டு ஆடுகிற அந்த இரண்டும் பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். பெண்ணுக்காக மல்லுக்கட்டுகின்றன. எதிராளியின் தலையைத் தரையில் அழுத்தினவன் ஜெயித்தான்; தோற்றவன் போய்விடுவான்; கடி இல்லை. நிஜமான புணர்ச்சி தரையோடு தரையாக, சத்தம் காட்டாமல், நீண்ட நேரம் நடக்கும். அதைப் பார்த்தவர் குறைவு.

இப்போது அரசமரத்தடி நாகக்கல்லை நினைத்துப் பாருங்கள். பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டுகிற அந்தக் கல்லில் சிற்பி செதுக்கியிருப்பது என்ன? எழுந்து நின்று பின்னிக்கொண்ட இரண்டு உடல். அவன் கண் துல்லியமான கண். முறுக்கை எண்ணிப் பார்த்துச் செதுக்கியிருக்கிறான். ஆனால் அவன் பார்த்தது மற்போர். நாம் படித்தது தாம்பத்தியம். தொட்டில் கட்டிய பெண்களின் வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை, அது வேறு விஷயம். கல்லைச் சான்றாக வைத்து முன்னோர் பாம்பின் இனப்பெருக்கத்தை அறிந்திருந்தார்கள் என்று வாதாடும்போதுதான் தராசு சாய்கிறது.

அவர் காட்டிய இன்னொன்று பழமொழி: கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தாற் போல. பாம்பு பிறர் வீட்டில் ஒண்டுகிற ஜீவன் என்பது இதன் கருத்து. நல்லபாம்பு புற்றிலும் எலிவளையிலும் தங்குகிறது, முட்டையும் இடுகிறது, மெய்தான். ஆனால் கருநாகம் என்று நம்மவர் பலர் சொல்கிற ராஜநாகத்துக்கு இந்தப் பழி கொஞ்சமும் பொருந்தாது. பாம்புகளில் இலையைக் கூட்டித் தனக்கென்று கூடு கட்டுகிற பாம்பு அது ஒன்றுதான். வீடு கட்டுகிறவளைப் பார்த்து ஒட்டுக்குடி என்கிறோம்.

நான் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பெங்களூரிலிருந்து மலைநாட்டுக்குப் போய் வருகிறவன். தீர்த்தஹள்ளி, கொப்பா, சிருங்கேரி மண்டிகளில் என் கால் படாத படி இல்லை. அந்த வட்டாரத்தில்தான் ஆகும்பே இருக்கிறது. வருஷத்தில் 7000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர். 2005இல் ரோமுலஸ் விட்டேகர் அங்கே மழைக்காட்டு ஆய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 2008 முதல் ராஜநாகத்தின் உடலுக்குள் சிறு வானொலிக் கருவி வைத்து, அது போகிற இடமெல்லாம் ஆட்கள் பின்தொடர்ந்து குறித்தார்கள். அவர்கள் எழுதினதைப் படித்தும், தோட்டக்காரர்களிடம் கேட்டும், கொஞ்சம் நேரில் கண்டும் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மார்ச்சு மாதவாக்கில் ஆண்கள் பெண்ணைத் தேடி அலையும். இரண்டு ஆண் சந்தித்தால் சாரைகளைப் போலவே மல்லுக்கட்டும், ஆனால் இங்கே ஒவ்வொன்றும் 12 அடி, 13 அடி. ராஜநாகத்தின் முக்கிய உணவு பிற பாம்புகள் என்பதால் காதலிலும் ஆபத்து உண்டு. ஆண் பெண்ணையே கொன்றதை ஆகும்பேயில் கண்டு எழுதியிருக்கிறார்கள். இணை சேர்ந்தபின் ஆண் தன் வழியே போய்விடும். மழைக்கு முன், ஏப்ரல் கடைசி, மே மாதத்தில், பெண் ஓர் இடம் தேர்கிறது. உடம்பை வளைத்து வளையமாக்கி, அதற்குள் சருகை அணைத்து இழுத்து இழுத்துச் சேர்க்கிறது. கையில்லாத பிராணி செய்கிற வேலை இது. அடுக்கடுக்காகக் குவித்து, உள்ளே ஓர் அறை வைத்து, அதில் முட்டையிட்டு, மேலே மூடி, அந்த மேட்டின் மேல் சுருண்டு படுத்துக்கொள்கிறது. மேட்டின் உயரம் ஒன்றரை முழத்தைத் தாண்டாது. அடியில் ஆள் கை விரித்த அகலம். இந்தியாவில் காட்டுக்குள் பார்த்த கூடுகளில் முட்டை 7லிருந்து 43 வரை இருந்திருக்கிறது. பொரிக்க 66 முதல் 105 நாள் ஆகிறது.

இந்த நாள் கணக்கை மழையோடு சேர்த்துப் பாருங்கள். கூடு கட்டி முடிந்த கையோடு ஜூன் மழை இறங்கும். அந்த மழையில் மண்ணில் புதைத்த முட்டை ஊறி அழுகிப்போகும். இலைமேடோ மண்ணுக்கு மேலே நிற்கிறது. நீர் மேலடுக்கில் வழிந்து ஓடும். உள்ளே சருகு மக்கும்போது வெதுவெதுப்பு உண்டாகும். குஞ்சு வெளியே வரும்போது மழைக்காலத்தின் நடு. தவளையும் சிறு பாம்பும் நிறைந்திருக்கும். வந்த நிமிஷமே அதற்கு விஷம் உண்டு. கருத்த உடலில் வெளிறிய பட்டைகளோடு, முழ நீளம் இருக்கும். தாய் அவற்றைப் பார்ப்பதே இல்லை. சில தாய்கள் இரண்டே நாளில் கூட்டை விட்டுப் போயிருக்கின்றன. ஒன்று 77 நாள் காவல் கிடந்திருக்கிறது. எல்லாத் தாயும் ஒரே மாதிரி என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை, இது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதற்குச் சங்கப் பாட்டில் இடம் உண்டா என்று தேடினேன். குறிஞ்சிப் பாட்டில் பாம்பு இரவில் மணியை உமிழ்ந்து அதன் ஒளியில் இரை தேடும். இடி கேட்டு அஞ்சி நடுங்கும். என் கண்ணில் பட்டவரை அது எப்போதும் இரவுக்கு அச்சம் ஊட்டும் பொருள். தலைவன் வருகிற வழி கொடியது என்று காட்ட யானை, புலியோடு அதையும் நிறுத்துவார்கள். இதே புலவர் கூட்டம்தான் குறுந்தொகையில் ஊர்க்குருவியைப் பாடுகிறது: சேவல், சூல் முதிர்ந்த தன் பேடைக்குக் கூடு அமைக்கக் கரும்பின் பூவைக் கோதுகிறது. அந்தக் கூட்டுக்குப் புலவர் வைத்த பெயர் ஈனில், ஈனுகிற இல். எவ்வளவு அழகான சொல்! கூரையில் இருந்த குருவியின் ஈனிலைப் பார்த்த கண், காட்டில் இருந்த நாகத்தின் ஈனிலைப் பார்க்கவில்லை. அருகில் போனால்தானே பார்க்க முடியும் என்று நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் அப்படியானால், அறியாத மூலை இல்லை என்று எழுதக் கூடாது.

இலக்கணக்காரர் புலவரைவிடக் கொஞ்சம் நெருங்கி வந்தார் என்று எனக்குத் தோன்றும். தொல்காப்பியர் மரபியலில், பறப்பவற்றின் இளமைக்குச் சொல்லும் பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்களையே தவழ்பவற்றுக்கும் ஆக்குகிறார். பறவையையும் ஊர்வதையும் ஒரு வரிசையில் வைக்க அவருக்கு ஏதோ காரணம் இருந்திருக்கிறது. முட்டைதான் காரணம் என்று நான் ஊகிக்கிறேன். உரைகாரர்கள் பெயர்க்கு எடுத்துக்காட்டுத் தருவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எங்கள் சமயத்து நூலையும் விட்டுவைக்கக் கூடாது. தத்துவார்த்த சூத்திரம் கருவில் பிறப்பதை மூன்றாகப் பிரிக்கிறது: கருப்பையுறையோடு பிறப்பது, முட்டையில் பிறப்பது, உறையில்லாமல் நேரே பிறப்பது. பாம்பை முட்டைப் பிறப்போடு சேர்ப்பது வழக்கம். ஆனால் காட்டுக்குள் போனால் இந்த வழக்கம் நிற்காது. மலபார்க் குழிவிரியன் குட்டி போடும். மூங்கில் விரியன் குட்டி போடும். நம் வீட்டு வேலியில் தொங்குகிற பச்சைப்பாம்பே குட்டி போடுகிறது, கண்ணைக் கொத்தும் என்று அதை அடிக்கிறவர்கள் இதை அறிவதில்லை. மேற்கு மலையின் ஈர மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளும் அப்படியே. குளிர்ந்த நனைந்த காட்டில், முட்டையை மண்ணிடம் விடுவதைவிட வயிற்றிலேயே வைத்துக்கொண்டு வெயில் பட்ட இடமாகப் பார்த்துத் தாய் நகர்வது மேல் போலும். மலைப்பாம்போ முட்டையைச் சுற்றிக்கொண்டு, தசையை நடுக்கி நடுக்கிச் சூடு உண்டாக்குகிறது. பூந்தொட்டி மண்ணில் மண்புழு என்று நாம் எறிகிற சின்னக் குருட்டுப் பாம்பு இருக்கிறதே, அதில் ஆணே கிடையாது. எல்லாம் பெண், ஆண் இல்லாமலே முட்டையிடும். சூத்திரத்தில் இதெல்லாம் முன்பே இருக்கிறது என்று இழுத்துப் பொருள் சொல்லும் நண்பர்கள் எங்களிலும் உண்டு. அது சூத்திரத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது. உமாஸ்வாமிகள் மூன்று அலமாரி வைத்தார். பாம்பை எந்த அலமாரியில் வைப்பது என்று பார்த்துச் சொல்வது நம் வேலை.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1979இல் வந்த ‘நீயா?’ படத்தை நானும் கொட்டகையில் பார்த்தவன்தான். இணை சேரும் வேளையில் ஆண் பாம்பைச் சுட்டுவிடுகிறார்கள். பெண் பழிவாங்கக் கிளம்புகிறது. ஒரே ஒரு உண்மை அதில் உண்டு: இனச்சேர்க்கை சமயத்தில்தான் பாம்பு கண்ணில் படும், அப்போதுதான் அதிகம் அடிபடும். மற்றதெல்லாம் கற்புக்கரசியின் கதையைப் பாம்புத்தோலில் தைத்தது. புருஷனுக்காகப் பழிவாங்கும் நாகினியை இன்றைய தொலைக்காட்சி வரைக்கும் கொண்டுவந்துவிட்டோம். முட்டைக்காகப் பட்டினி கிடக்கிற நாகினி ஒரு காட்சியிலும் வந்ததில்லை.

சரி, தமிழரில் யாருக்குமே தெரியாதா என்றால், தெரியும். இருளருக்குத் தெரியும். எந்த வளையில் எந்தப் பாம்பு, ஆணா பெண்ணா, சூலா இல்லையா என்று தடத்தையும் எச்சத்தையும் பார்த்துச் சொல்வார்கள். 1978இல் சென்னைக்குத் தெற்கே அவர்களுக்குப் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அவர்களில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். ஆகவே அறிவு இருந்தது. ஏடு எழுதினவர் வீட்டுத் திண்ணையில் அந்த அறிவு உட்கார வைக்கப்படவில்லை. நண்பரின் கட்டுரையில் முப்பதுக்கு மேல் நூற்பெயர்கள். இருளர் என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. இதுதான் என் பெரிய குறை.

இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிற எனக்கு ஒரு கடன் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்ப மனம் ஒப்பவில்லை.

2004 மே மாதம். தீர்த்தஹள்ளிக்கு அப்பால் ஒரு பாக்குத் தோட்டம். பெயர் வேண்டாம். பாக்கு மரத்தின் அடியில் பரப்ப, பக்கத்துச் சொப்பின பெட்டாவிலிருந்து, அதாவது தழைக்காக விட்டிருக்கும் குன்றுக்காட்டிலிருந்து, சருகு வாரிக் கொண்டுவருவது அங்கே வழக்கம். வாரப் போன பெண்கள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். சருகுமேட்டின் மேல் பெரிய பாம்பு, போகமாட்டேன் என்கிறது, சீறுகிறது. ஆட்கள் கம்பு தேடினார்கள். நான் குறுக்கே நின்றேன். “அடிக்கக் கூடாது கௌடரே. பிடிக்கிறவனைக் கூப்பிடுங்க, செலவு என்னுது.” “சாவுகாரே, உங்க தர்மம் உங்களோட,” என்று முனகினாலும் ஆள் அனுப்பினார். பிடிக்கிறவர் வந்தார், சாக்கில் போட்டார், ஜீப்பில் கொண்டுபோய் வெகுதூரத்துக் காட்டில் விட்டார். நான் பணம் கொடுத்தேன். அன்று சாயங்காலமே ஹொம்புஜத்துக்குப் போய், பார்சுவநாதர் முன்னும் பதுமாவதி அம்மன் முன்னும் நின்று, ஓர் உயிரைக் காத்தேன் என்று நெஞ்சு நிமிர்த்திக் கும்பிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, பாக்கு விலை பேசக் கௌடர் போன் செய்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “அந்தச் சருகை வாரினோம் சாவுகாரே. உள்ளே முட்டை. இருபத்தேழு. பசங்க எடுத்து விளையாடி, வெயில்ல போட்டு, எல்லாம் போச்சு.” விலை என்ன பேசினேன் என்று நினைவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் சமணக் குழந்தைக்கு முதலில் சொல்லும் கதைகளில் ஒன்று, இளவரசர் பார்சுவர் கதை. தீ வளர்த்துத் தவம் செய்கிற தவசி விறகு பிளக்கக் கோடரியை ஓங்குகிறான். உள்ளே நாக இணை இருக்கிறது, பிளக்காதே என்கிறார் இளவரசர். அவன் கேட்கவில்லை, இரண்டும் வெட்டுண்டன. அவைதாம் தரணேந்திரனும் பதுமாவதியும் ஆயின. திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் சந்நிதியில் என் தகப்பனார் இதைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். இளவரசரின் கருணையைத்தான் எல்லா உபதேசத்திலும் பேசுகிறோம். கட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவர் அறிந்திருந்தார் என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். மேட்டின் மேலிருந்த பாம்பைக் கண்ட எனக்கு மேட்டுக்குள் என்ன என்று தோன்றவில்லை. மே மாதத்தில், சருகுமேல், விரட்டினாலும் நகராத பாம்பு. இத்தனை அடையாளம் இருந்தும் தெரியவில்லை. நான் படித்த எந்தத் தமிழ் நூலும் அதைச் சொல்லித் தரவில்லை என்பது சமாதானம் ஆகுமா? பக்கத்தில் அலறின பெண்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடும். சருகு வாருகிறவர்கள் அவர்கள். நானும் நண்பரைப் போலத்தான். கேட்க வேண்டியவரைக் கேட்கவில்லை.

தாயும் பிழைத்ததோ என்னவோ. ஆகும்பேக்காரர்கள் பின்னாளில் கண்டது, இடம் மாற்றி விட்ட ராஜநாகம் சொந்த இடத்துப் பாம்பைவிட மிக அதிக தூரம் அலைந்து திரிகிறது என்பது. எங்கே நீர், எங்கே ஒதுங்குமிடம் என்று அதற்கு அங்கே தெரியாது. இப்போது அந்தப் பக்கத்தில் கூடு இருப்பது தெரிந்தால் தாயை எடுப்பதில்லை; ஊராரிடம் பேசி, பொரிக்கும் நாள் நெருங்கும்போது கூட்டைச் சுற்றி வலை கட்டி, குஞ்சுகளைக் காட்டுக்குள் விடுகிறார்கள். சருகையும் அந்த இடத்தில் வாராமல் விட்டுவிடுகிறார்கள்.

2024இல் இன்னொன்று நடந்தது. ஒரே இனம் என்று 1836 முதல் எண்ணியிருந்த ராஜநாகத்தை நான்காகப் பிரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது தனி இனம் என்று கண்டு, கன்னட ஜனங்கள் ‘காளிங்க சர்ப்ப’ என்று சொல்லிவந்த பெயரையே அதற்கு இட்டார்கள். அறிவியல் பெயரில் ஊர்ப்பேச்சு ஏறியிருக்கிறது. நாகத்தின் கூட்டுக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டுமென்றால், குருவியிடமிருந்து ஈனிலைக் கடன் வாங்கலாம் என்று மலர்க் குழுவினருக்கு விண்ணப்பம்.

மூன்று வருஷத்துக்கு முன், அதே தாலுகாவில் வேறொரு தோட்டத்துக்காரர் என்னைக் கூட்டிப்போய் ஒரு கூட்டைக் காட்டினார். இருபது அடி தூரத்தில் நிறுத்திவிட்டார். எனக்குச் சருகுதான் தெரிந்தது. “அங்கே பாருங்க, அந்தப் பலா வேருக்கு இடது பக்கம்.” சருகு. “தலை தெரியுதா? உங்களைத்தான் பார்க்குது.” மூன்றாம் முறை அவர் கை நீட்டினபோதுதான் கண்டேன்.